அக்கரையில் அம்மி போட்டவர்கள்

ஆடிச் சாரல் ஓட்டில் தட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், தென்காசியில் எனக்குத் தெரிந்த வீட்டுப் பாட்டி பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே காலியான கோடாலித் தைலக் குப்பி, அட்டை நைந்த பாஸ்போர்ட், ஓரம் பழுத்த ஒரு போட்டோ. அதில் கணவன், மனைவி, மனைவியின் இடுப்பில் கைக்குழந்தை.

“சண்டை முடிஞ்ச மறுவருஷம் சிங்கப்பூர்ல எடுத்தது தம்பி. எங்க உம்மா இடுப்புல இருக்கது நாந்தான்.”

அந்தப் போட்டோவில் மனைவியும் இருக்கிறார் என்பதுதான் என்னை நிறுத்தியது. கடற்கரையோர முஸ்லிம் ஊர்களிலிருந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்டுபிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, சில வருஷத்துக்கு ஒருமுறை வந்து முகம் காட்டிப் போனார்கள். தென்காசி, கடையநல்லூர்க்காரர்களில் பலர் குடும்பத்தோடு கப்பல் ஏறினார்கள். தனியாகப் போகிறவன் சம்பாதித்துக்கொண்டு திரும்புவான். அடுப்பையும் கூட்டிக்கொண்டு போனால் அங்கே ஒரு தெரு உண்டாகிவிடும். அப்படித்தான் சிங்கப்பூர்த் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் நம் ஊர்ப் பேச்சு குடியேறியது.

இங்கே தென்காசிப் பக்கம் பல வீடுகளுக்குத் தறிதான் சோறு போட்டது. ஆலைத் துணி வந்து கைத்தறியை நசுக்கியபோது, தறிக்குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போக வேண்டியதாயிற்று. 1903-லேயே செங்கோட்டைக்கு ரயில் வந்துவிட்டது. ரயிலேறி நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தால் கப்பல். 1926-ல் கட்டப்பட்ட ‘ரஜுலா’வின் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போன கதை இன்றும் பல வீடுகளில் உண்டு.

ஆண்களுக்குக் கூலி வேலை கிடைத்தது. பெண்கள் மசாலா அரைத்தார்கள். மல்லி, மிளகாய், மஞ்சள், சீரகம் எல்லாம் அம்மியில் விழுதாகிச் சந்தைக்குப் போயின. நம் பெண்கள் அரைத்த மசாலா பல இனத்தார் சட்டியில் கொதித்தது. “ராத்திரி எங்களத் தூக்குனா உம்மா கை காந்தும்” என்று பாட்டி தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சம்பளப் பட்டியலில் ஏறாத அந்தக் கைகள்தான் குடியேற்றத்தை நிலைக்க வைத்தவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியது. மறுவருஷம் பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. மூன்றரை வருஷப் பஞ்சமும் பயமும் கழிந்த கையோடு, 1946-ல், அதே லீக் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ்ப் பள்ளி திறந்தது. சீறாப்புராணம் பாடி எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவரின் பெயரை வைத்தார்கள். வயிறே நிறையாத காலத்தில் பள்ளிக்குக் காசு சேர்த்திருக்கிறார்கள்! 1960-ல் அது உயர்நிலைப் பள்ளியானது. பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போகப் போக வகுப்புகள் காலியாகி, 1982-ல் மூடப்பட்டது. அடுத்த வருஷம் தொடங்கிய தமிழ் மொழி நிலையத்தில் உமறுப் புலவர் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

பெயர் நிலைக்க வேண்டுமென்றால் யாராவது எழுதி வைக்க வேண்டும். அமெரிக்காவில் வண்டி கட்டி மேற்கே போய்க் காடு திருத்திய குடும்பங்கள், பிறப்பையும் இறப்பையும் வீட்டு பைபிளின் ஏடுகளில் எழுதி வைத்தன. பேரப்பிள்ளைகள் அந்த ஏட்டைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பின்னால் நடக்கிறார்கள். சிங்கப்பூரில் 1979 முதல் முதியவர்களின் குரலைப் பதிவு செய்து காக்கிறார்கள். இக்கரையில் நமக்கு இருப்பது பரண் பெட்டிகள்தான். பெட்டியைத் திறந்து சொல்ல ஆள் இருக்கும்போதே நாம் எழுதிக்கொள்ள வேண்டும். கணவன் பெயரும் கப்பல் பெயரும் எப்படியோ நினைவில் நின்றுவிடுகின்றன. அரைத்தவள் பெயர்தான் முதலில் உதிர்கிறது.

நோட்டை எடுத்து, பாட்டியின் தாயார் பெயரை முதல் வரியில் எழுதினேன். குடியிருந்த தெருவின் பெயரைக் கேட்டேன். பத்து வயதில் திரும்பி வந்தவர், ஞாபகம் வரவில்லை. சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, தரையில் விரலால் கோடு போட்டார். இது வாசல், இது படி, இது குழாயடி. குழாயடிக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார்.

“அம்மி இங்கன கெடந்துச்சு.”