அமெரிக்க அரசமைப்பும் முத்துறைகளும்

பிரித்தானிய முடியாட்சியிலிருந்து விடுபடுவதாக வட அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்கள் 1776ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் அறிவித்தன. மன்னரின் அதிகாரத்தை எதிர்த்துப் பிறந்த அந்நாடு, வலிமைமிக்க நடுவண் அரசு என்பதையே ஐயத்துடன் நோக்கியது. ஆகவே, 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டிணைப்பு விதிகள் நடுவண் அரசுக்கு வரி விதிக்கும் உரிமையைக்கூட வழங்கவில்லை. அது மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அவற்றின் விருப்பம். விடுதலைப் போரில் ஈடுபட்ட வீரர்களுக்கு ஊதியம் வழங்கவும் அவ்வரசு திணறியது. 1786இல் மாசச்சூசெட்சு மாநிலத்தில் கடனாலும் வரியாலும் நொந்த உழவர்கள், முன்னாள் படைத்தலைவர் டேனியல் சேய்ஸ் முதலியோரின் தலைமையில் கிளர்ந்தெழுந்து நீதிமன்றங்களை முற்றுகையிட்டனர். நடுவண் அரசு செய்வதறியாது நின்றது.

அதிகாரம் மிகுந்தால் கொடுங்கோன்மை, குறைந்தால் குழப்பம். 1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடத் தொடங்கிய மாநாட்டின் முன் நின்ற சிக்கல் இதுவே. அதில் பங்கேற்ற பேராளர்கள் 55 பேர். பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூவின் அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டை அவர்கள் நன்கறிந்திருந்தனர். செப்டம்பர் 17ஆம் நாள் 39 பேர் கையொப்பமிட்ட அரசமைப்பு, நடுவண் அரசை வலிமைப்படுத்தியது. அவ்வலிமையை மூன்று துறைகளுக்குப் பகிர்ந்தும் அளித்தது. அடிமைப்பட்ட மக்களை, மக்கள்தொகைக் கணக்கில் ஐந்தில் மூன்று பங்காக மட்டுமே அது கொண்டது. மக்களின் பெயரால் தொடங்கும் ஓர் ஆவணத்தில் இத்தகைய விதி இடம்பெற்றது மறைக்கத் தகாத கறையாகும்.

சட்டமியற்றும் பொறுப்பு காங்கிரசுக்கு உரியது. அதன் பிரதிநிதிகள் சபையில், மக்கள்தொகைக்கேற்பத் தேர்ந்தெடுக்கப்படும் 435 உறுப்பினர்கள் உள்ளனர். செனட் சபையிலோ பெரிய மாநிலமாயினும் சிறிய மாநிலமாயினும் இருவரே. ஆக, 100 பேர். சிறிய மாநிலங்களின் அச்சத்தைப் போக்கக் காணப்பட்ட உடன்பாடு இது.

ஆட்சித்துறையின் தலைவர் அதிபர். நம் நாட்டில் பிரதமர் நாடாளுமன்ற உறுப்பினராக இருப்பார். மக்களவையின் நம்பிக்கையை இழந்தால் அவரது அரசு கவிழும். அமெரிக்க அதிபரோ காங்கிரசின் உறுப்பினராக இருத்தல் கூடாது. நம்பிக்கை வாக்கெடுப்பால் அவரை வீழ்த்தவும் இயலாது.

மூன்றாவது துறையாகிய நீதித்துறையின் உச்சியில் ஒன்பது நீதிபதிகளைக் கொண்ட உச்ச நீதிமன்றம் உள்ளது. அரசமைப்புக்கு முரணான சட்டம் செல்லாது என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆயினும் இவ்வதிகாரம் அரசமைப்பில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1803இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அளித்த தீர்ப்பே அதனை நிலைநாட்டியது. இந்திய அரசமைப்பை வகுத்தோர் அமெரிக்காவிடமிருந்து ஏற்றுக்கொண்டவற்றுள் இந்த நீதிப்புனராய்வும் ஒன்று.

துறைகளைப் பிரித்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. ஒவ்வொரு துறையின் கையிலும் மற்றதைத் தடுக்கும் கருவி ஒன்று இருத்தல் வேண்டும். காங்கிரஸ் நிறைவேற்றிய சட்ட முன்வரைவை அதிபர் மறுக்கலாம். இரு சபைகளும் மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையால் அம்மறுப்பைக் கடக்கலாம். நீதிபதிகளை அதிபர் முன்மொழிவார்; செனட் சபை ஒப்புதல் தர வேண்டும். குற்றமிழைத்த அதிபர்மீது பிரதிநிதிகள் சபை பதவிநீக்கக் குற்றச்சாட்டுக் கொணரலாம். விசாரித்துத் தீர்ப்பளிப்பது செனட் சபை.

இவ்வேற்பாட்டின் கடுஞ்சோதனை 1974இல் நேர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், வாட்டர்கேட் கட்டடத்திலிருந்த எதிர்க்கட்சி அலுவலகத்திற்குள் சிலர் அத்துமீறி நுழைந்து பிடிபட்டிருந்தனர். அதிபர் ரிச்சர்ட் நிக்சன் அதனை மூடிமறைக்க முயன்றார் என்பது குற்றச்சாட்டு. வெள்ளை மாளிகை உரையாடல்களின் ஒலிநாடாக்களை ஒப்படைக்க அவர் மறுத்தார். அவர் சாதாரணத் தலைவர் அல்லர். 1972 தேர்தலில் 50 மாநிலங்களில் 49இல் வென்றவர். 1974 சூலை 24ஆம் நாள், நாடாக்களை ஒப்படைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வழக்கைக் கேட்ட எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அளித்த தீர்ப்பு அது. அதனை எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கர், நிக்சனாலேயே நியமிக்கப்பட்டவர்! நீதிமன்றத்திடம் படையும் இல்லை; கருவூலமும் இல்லை. எனினும் நிக்சன் பணிந்தார். சில நாள்களில் பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழு அவர்மீது மூன்று குற்றச்சாட்டுகளை ஏற்றது. நாடாக்களில் உண்மை வெளிப்பட்டதும் சொந்தக் கட்சியினரும் அவரைக் கைவிட்டனர். முழுச் சபையின் வாக்கெடுப்புக்கு முன்னரே, ஆகஸ்டு 9ஆம் நாள், அவர் பதவி விலகினார். அன்றே துணை அதிபர் ஜெரால்டு ஃபோர்டு பொறுப்பேற்றார். அமெரிக்க அதிபர்களுள் பதவி விலகியவர் நிக்சன் ஒருவரே.