தொட்டிச் செடிக்கும் மூச்சு வேண்டும்!

செங்கல்பட்டு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் செங்கல் சூளைதான் ஞாபகத்துக்கு வரும். செங்கழுநீர்ப் பூ மண்டிக் கிடந்த ஊர், செங்கழுநீர்ப்பட்டு என்ற பெயரே மருவி இப்படி ஆயிற்று என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனாலும் மொட்டை மாடியில் செடி வளர்க்கும் எங்களுக்குச் செங்கல்லும் தேவைப்படத்தான் செய்கிறது. எதற்கு என்கிறீர்களா? செடி மூச்சு விடுவதற்கு!

சிரிக்காதீர்கள் சகோதரிகளே. இலை மட்டுமல்ல, வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையே இருக்கும் சின்னச் சின்ன சந்துகளில் உள்ள காற்றுதான் அதற்கு மூச்சுக்காற்று. அந்தச் சந்தெல்லாம் தண்ணீரால் அடைபட்டால் வேர் திணறிப் போகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. மேலே இலை வாடும். "ஐயோ, காய்கிறதே" என்று நாம் இன்னொரு குடம் ஊற்றுவோம். அதோடு கதை முடிந்தது!

தரையில் இருக்கும் செடிக்கு மண்புழு இருக்கிறது, ஆழம் இருக்கிறது. தொட்டிக்கு என்ன இருக்கிறது? தினம் ஊற்றும் தண்ணீரில் மண் அமுங்கி அமுங்கிக் களிமாதிரி ஆகிவிடும். போதாக்குறைக்கு எங்கள் பக்கத்தில் வருஷத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் கொட்டுகிறது.

அக்கா வீட்டு மாடி

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது நினைவிருக்கும். எங்கள் எதிர்வீட்டு அக்கா மாடியில் நாற்பது தொட்டிகளில் மல்லிகை, கறிவேப்பிலை, கீரை என்று வளர்த்து விற்று வந்தார். அந்தக் காசில்தான் மகளின் கல்லூரி பஸ் செலவு. புயலுக்கு எந்தத் தொட்டியும் கவிழவில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட செடிகள் மஞ்சளாகிச் செத்தன. கவிழ்த்துப் பார்த்தால் மண்ணில் சாக்கடை வாடை. வேர் தொட்டாலே தோல் உரிந்தது. தப்பித்தவற்றில் இரண்டு, இடித்த சுவரின் செங்கல் துண்டு கலந்து வைத்த கறிவேப்பிலைகள். "பார்த்தியாம்மா, கல்லு போட்டது பிழைச்சிருக்கு!" என்றார் அக்கா. அன்றிலிருந்து இரண்டு பேரும் இதே வேலையாக அலைந்தோம். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எது வேண்டும், எது வேண்டாம்?

முதலில் வேண்டாதவை. கடற்கரை மணலில் உப்பு, பக்கமே வராதீர்கள். பொடி மணலும் உதவாது. களிமண்ணோடு சேர்ந்தால் சுட்ட கல் போல் இறுகிவிடும். பாலாற்று மணலே கிடைத்தாலும் சலித்து, கொரகொரப்பானதை மட்டும் எடுங்கள். ஆனால் ஒரு லிட்டர் மணல் ஒன்றரை கிலோவுக்கு மேல் கனம். மாடித் தளம் தாங்க வேண்டாமா? மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களின் கருங்கல் சில்லும் அப்படித்தான். கனமே தவிர, தனக்குள் துளி ஈரமும் வைத்துக்கொள்ளாது.

செங்கல் சில்லு: பழைய நாட்டுச் செங்கல்தான் உசத்தி. சிமெண்ட், சுண்ணாம்பு, பெயிண்ட் ஒட்டியது கூடாது. சாக்குக்குள் போட்டுச் சுத்தியலால் தட்டி, மொச்சைக்கொட்டை அளவுக்கு உடைத்துச் சலியுங்கள். தூளைத் தள்ளிவிடுங்கள், அது சந்தை அடைக்கும். சில்லை ஒரு ராத்திரி ஊறவைத்துக் கலந்தால் செடியின் தண்ணீரை அது குடிக்காது.

உமிக்கரி: நம் பாட்டிமார் பல் தேய்த்தார்களே, அதேதான். லேசு, மலிவு, சீக்கிரம் மக்காது. அரிசி மில்லில் உமி கேட்டபோது, "என்னம்மா, மாடு வச்சிருக்கீங்களா?" என்றார்கள். "மாடி வச்சிருக்கோம்" என்றார் அக்கா! பச்சை உமியை நிறையக் கலக்காதீர்கள். மக்கும்போது தழைச்சத்தைத் தான் இழுத்துக்கொள்ளும். அதில் கிடக்கும் நெல்லும் முளைக்கும். கரியாக்குவது சுலபம். பக்கமெல்லாம் ஓட்டை போட்ட பழைய டின்னுக்குள் சுள்ளியை மூட்டி, மேலே புகை போக ஒரு குழாய் வைத்து, சுற்றிலும் உமியைக் குவியுங்கள். மேற்புறம் கறுக்கக் கறுக்கக் கிளறிவிட்டு, எல்லாம் கறுத்ததும் தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். விட்டால் வெள்ளைச் சாம்பலாகிவிடும். சாம்பலில் காரம் அதிகம், தூளாகவும் இருக்கும்; இதற்கு ஆகாது. மில் கொதிகலன் சாம்பலிலும் கறுப்பானதைப் பார்த்து வாங்கி, கழுவிப் போடுங்கள். காய்ந்த தூளைக் கையாளும்போது மூக்கில் ஈரத்துணி கட்டாயம்.

கரித்துண்டு: இஸ்திரி வண்டிக்காரர் கொட்டும் கரியில் சாம்பலைச் சலித்து நீக்கிவிட்டுப் பட்டாணி அளவுத் துண்டுகளை எடுங்கள். சாணம் கரைத்த தண்ணீரில் நாலு நாள் ஊறட்டும். வெறும் கரி மண்ணிலுள்ள சத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஊறிய கரி சத்தைக் கொடுக்கும்.

தென்னை நார்த்தூள்: 2013-14ல் தமிழக அரசு சென்னை, கோவையில் மானிய விலையில் மாடித்தோட்டப் பொருள்கள் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து இது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. ஆனால் இது காற்றுக்கான பொருள் என்பதைவிட ஈரத்துக்கான பொருள். தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் தண்ணீர் பிடிக்கும். வெயில் காலத்தில் வரம். அடைமழையில் அளவுக்கு மிஞ்சினால் அதுவே வினை. உப்பு இருக்கும் என்பதால், கட்டியை ஊறவைத்து மூன்று முறை அலசிப் பிழியுங்கள். பச்சைத் தூளில் தழைச்சத்துக்கு 112 மடங்கு கரிமம் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. மக்க வைத்தால் அது 24 மடங்காகக் குறையும். ஆகவே மக்கியதாகக் கேட்டு வாங்குங்கள். சந்தேகமா? ஒரு கிண்ணத்தில் போட்டு வெந்தயம் விதையுங்கள். ஒரு வாரத்தில் பச்சையாக எழுந்தால் நல்ல தூள்.

கடையில் விற்கும் பெர்லைட், எரிமலைக் கண்ணாடிக் கல்லைச் சூடாக்கிப் பொரித்தது. வெர்மிகுலைட் நம் திருப்பத்தூர் பக்கம் சேவாத்தூரிலேயே வெட்டி எடுக்கும் கனிமம். இரண்டும் நல்லவைதான். நாற்பது தொட்டிக்கு வாங்கக் கட்டுப்படியாகாது. நாற்று விடும் தட்டுக்கு மட்டும் போதும்.

அடியில் கல் போட்டால் போதாதா?

போதாது. அடியில் ஓட்டாஞ்சில்லை ஒரு சாண் பரப்பினால் தண்ணீர் ஓடிவிடும் என்று நினைக்கிறோம். நயமான மண்ணிலிருந்து தண்ணீர் லேசில் கல்லுக்குள் இறங்காது. மண்ணின் அடியிலேயே தேங்கி நிற்கும். வேருக்குரிய உயரம் குறைந்ததுதான் மிச்சம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் சொட்டும்! உயரம் கூடினால்தான் வடியும். ஆகவே ஓட்டை அடைபடாமல் ஒரே ஒரு சில்லு. மீதியெல்லாம் மண்ணோடு கலந்தே இருக்கட்டும்.

அளவும் பரீட்சையும்

செம்மண் 2 பங்கு, மக்கிய எரு அல்லது மண்புழு உரம் 2, நார்த்தூள் 1, உமிக்கரி 1, செங்கல் சில்லும் கரியுமாக 1. தொட்டிக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. மண்ணைப் புட்டு மாவுப் பதத்தில் ஈரமாக்கிக் கலக்குங்கள். கையால் அழுத்தி நிரப்பாதீர்கள். தொட்டியை இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.

இப்போது பரீட்சை. தொட்டியின் ஓட்டையை அடைத்து, பத்து டம்ளர் கலவை போட்டு, மேலே தண்ணீர் மினுங்கும் வரை மெதுவாக ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு ஓட்டையைத் திறந்து, வடிவதை ஒரு பாத்திரத்தில் பிடித்து அளந்து பாருங்கள். ஒன்றரை முதல் இரண்டு டம்ளர் வடிந்தால் அவ்வளவு இடம் காற்றுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு டம்ளருக்குக் குறைந்தால் சில்லும் உமிக்கரியும் இன்னும் சேருங்கள்.

அக்கா தொட்டிகளை இப்படி மாற்றிய பிறகுதான் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தது. போனவை மூன்றே செடிகள்!

எருவும் நார்த்தூளும் மக்க மக்க மண் இறங்கும். எனவே வருஷம் ஒருமுறை, ஆவணியிலேயே, தொட்டியைக் கவிழ்த்துப் புதிய எரு சேர்த்துக் கலந்துவிடுங்கள். செங்கல் சில்லும் கரியும் கரையாது. அவற்றையே திரும்பப் போடலாம். புரட்டாசி பிறக்குமுன் வேலை முடிந்தால், ஐப்பசி மழையைப் பலகணியில் உட்கார்ந்து நிம்மதியாக வேடிக்கை பார்க்கலாம்.