சித்தூர் – திருப்பதி வட்டாரத்தில் மரியாதை வழக்கு: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு விளக்கம்

மதிப்பை உணர்த்தும் முறை மொழிக்கு மொழி வேறுபடும். ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களை ஆராய்ந்த ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில், அதிகாரம், தோழமை என்னும் இரண்டு அளவுகோல்களைக் கொண்டு அவற்றை விளக்கினர். தமிழிலும் தெலுங்கிலும் இச்சிக்கல் முன்னிலையோடு நின்றுவிடுவதில்லை. எதிரில் இல்லாதவரைக் குறிக்கும் படர்க்கைப் பெயரிலும் அதனைத் தழுவும் வினைமுற்றிலும் அது தொடர்கிறது. இவ்விரு மொழிகளும் அன்றாடம் அருகருகே வழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தைக் கொண்டு இதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இருமொழி நிலம்

1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்து, 1953-இல் ஆந்திர மாநிலத்தின் பகுதியாயிற்று. 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தின்படி திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நகரி, குப்பம், சத்தியவேடு முதலிய பகுதிகளின் தமிழர் ஆந்திரத்தினுள் அமைந்தனர். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் தெலுங்கும் பேசுவோர் இப்பகுதியில் பலர். எனவே மரியாதைச் சொல்லைப் பெயர்ப்பது இங்கு அன்றாடத் தேவையாக உள்ளது.

2. ஒற்றுமைகள்

ஒருவரைப் பன்மையால் சுட்டி உயர்த்துவது இரு மொழிக்கும் பொது. தொல்காப்பியம் இதனை உயர்சொற்கிளவி எனக் குறித்து, இலக்கண நெறியன்று, வழக்குப் பற்றி வந்தது என அமைதி கூறும். தமிழரின் ‘வாங்க’ என்பதற்குத் தெலுங்கில் ‘ரண்டி’ நிகராகும். கணவனை அழைக்கும் ‘என்னங்க’ என்பதற்கு ‘ஏமண்டீ’ நிகராகும். ‘தாங்கள்’, ‘தமரு’ ஆகிய மிகுமரியாதைச் சொற்கள் இரண்டும் ‘தாம்’ என்னும் தற்சுட்டுப் பெயரின் வழி வந்தவை. இவ்வொற்றுமைகளால், எல்லாப் படிகளும் நேருக்கு நேர் பொருந்தும் என்னும் எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது.

3. இடைப்படியின் சிக்கல்

ஆணைக் குறிக்க எழுத்துத் தமிழில் ‘அவன்’, ‘அவர்’ என இரு படிகள் உள்ளன. தெலுங்கில் ‘வாடு’, ‘அதனு’, ‘ஆயன’, ‘வாரு’ எனப் படிகள் மிகுதி. ‘வாடு’ நெருக்கத்தையோ இகழ்ச்சியையோ காட்டும், ‘அதனு’ நடுநிலையானது. தமிழின் ‘அவன்’ இவ்விரண்டையும் தழுவி நிற்கும். முன்பின் அறியாத ஒருவனைப் பற்றி ஒரு பெண் ‘அவன் வந்தான்’ என்று தமிழில் சாட்சியம் அளிப்பதாகக் கொள்வோம். அதனை ‘வாடு வச்சாடு’ என எழுதினால் அவள் கூற்றில் இல்லாத பகைமை ஏறிவிடும். ‘அதனு வச்சாடு’ என்பதே பொருந்தும். வினைமுற்று இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு பெயரில் மட்டுமே உள்ளது.

பெண்ணைக் குறிக்கும்போது சிக்கல் மேலும் கூடுகிறது. தெலுங்கின் ஒருமை வினையில் பெண்பாலுக்கும் அஃறிணைக்கும் முடிபு ஒன்றே. ‘ஆமெ வச்சிந்தி’ என்னும் தொடரில் இழிவு ஏதும் இல்லை. ‘அம்ம வச்சிந்தி’ என மகன் தாயைப் பற்றியும் கூறலாம். மரியாதைப் பன்மையில் ‘வச்சாரு’ என ஆணும் பெண்ணும் ஒருமுடிபு பெறுவர். ‘ஆமெ’ என்பதனை ‘அவள்’ என்று பெயர்த்தால் மதிப்புக் குறைகிறது. ‘அவர்’ என்று பெயர்த்தால் மூலத்தில் இல்லாத உயர்வு சேர்கிறது.

தமிழில் இடைப்படி அறவே இல்லை எனல் பொருந்தாது. ‘அந்த அம்மா வந்துச்சு’ என்னும் பேச்சுவழக்கு ஏறத்தாழ ‘ஆமெ வச்சிந்தி’ நிற்கும் படியிலேயே நிற்கிறது. எழுத்து நடை அதனை ஏற்பதில்லை. ஆகவே இக்குறை தமிழின் குறையன்று. எழுத்து வழக்கின் குறை எனலாம்.

4. செய்கையும் சொல்லும்

கைகூப்புதல், காலில் விழுதல், வலக்கையால் கொடுத்தல், பெரியவரைக் கண்டு எழுந்து நிற்றல் ஆகியவை எல்லையின் இருபுறமும் ஒன்றே. மேலோர் எதிரில் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டுதலும் இரு நிலத்திலும் இருந்த வழக்கமே. சாதிக் கட்டுப்பாட்டால் அது வற்புறுத்தப்பட்ட இடங்களில், அச்செய்கையை ‘பணிவு’ என்று மட்டும் பெயர்ப்பது அச்சத்தை மறைத்துவிடும்.

செய்கை ஒன்றாயிருந்தும் அதன் வழிப் பிறந்த மரபுத்தொடர் பிரிந்துபோவதும் உண்டு. வைணவக் கோயில்களில் பெருமாளின் திருவடி பொறித்த சடாரியை அடியார் தலைமேல் வைப்பர். நம்மாழ்வாரின் சடகோபன் என்னும் பெயரோடு தொடர்புடைய இதனைத் தெலுங்கர் ‘சடகோபம்’ என்பர். கோயிலில் இது அருள். ஆயின் தெலுங்குப் பேச்சிலும் செய்தித்தாளிலும் ‘சடகோபம் பெட்டடம்’ என்பது ஏமாற்றுதலைக் குறிக்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ஏமாற்றப்பட்டவரைத் தமிழ் வாசகர் சிறப்புப் பெற்றவராகக் கருதிவிடுவர். ‘நாமம் போடுதல்’ என்னும் தமிழ் வழக்கே இதற்கு நேரான இணை. அதுவும் சமயச் சின்னம் ஒன்றினின்று பிறந்த எள்ளலே ஆகும்.

5. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, மரியாதைச் சொல்லைப் பெயர்க்குமுன் மூலமொழியின் படிவரிசையில் அது நிற்கும் இடத்தை அறிதல் வேண்டும். இரண்டாவது, இலக்குமொழியில் அப்படி இல்லாதவிடத்துச் சூழலில் உள்ள செய்கையைச் சான்றாகக் கொள்ளலாம்: ‘ஆமெ’ நுழையும்போது பிறர் எழுந்து நின்றால் ‘அவர்’ எனலே தகும். மூன்றாவது, உறவுப்பெயரையோ இயற்பெயரையோ எழுவாயாக அமைத்துச் சுட்டுப்பெயரைத் தவிர்க்கலாம். எனினும் வினைமுற்று படியைக் காட்டிவிடும் என்பதால் இவ்வழி முழுத் தீர்வாகாது. தமிழ் – தெலுங்கு இருமொழி அகராதிகள் சுட்டுப்பெயர்களுக்குப் பொருள் தருவதோடு, ஒவ்வொன்றும் யார் யாரைக் குறிக்க வழங்கும் என்பதனையும் குறித்தல் மொழிபெயர்ப்பாளர்க்குப் பெரிதும் பயன்படும்.