சொந்த வலைத்தளம்: கட்டுவதும் காப்பதும்

ஸ்விட்சர்லாந்தில் ஜெனீவா நகருக்கு அருகே செர்ன் என்ற அணுத்துகள் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. உலகின் முதல் வலைத்தளம் 1990ஆம் ஆண்டின் கடைசியில் அங்கே இருந்த ஒரு கறுப்பு நிறக் கம்ப்யூட்டரில் இயங்கத் தொடங்கியது. அதை அமைத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. அந்தக் கம்ப்யூட்டரின் மேல் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. 'இது சர்வர், இதை அணைத்துவிடாதீர்கள்' என்ற பொருளில் சிவப்பு மையில் கையால் எழுதிய எச்சரிக்கை அது.

ஏன் இந்த எச்சரிக்கை? தொடக்கத்தில் உலகளாவிய வலை முழுவதும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது. தெரியாமல் யாராவது பிளக்கைப் பிடுங்கியிருந்தால் வலையே அந்த நிமிடம் அணைந்து போயிருக்கும்!

சர்வர் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ஓட்டலில் கேட்டதைக் கொண்டுவந்து பரிமாறுகிறாரே, அவரையும் சர்வர் என்றுதானே சொல்கிறோம்? கம்ப்யூட்டர் சர்வருக்கும் அதே வேலைதான். 'அந்தப் பக்கத்தைக் கொடு' என்று எங்கிருந்தோ கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் கேட்டாலும் கொடுக்க வேண்டும். ஆகவே, நீங்கள் சொந்தமாக ஒரு வலைத்தளம் வைத்தால், எங்கோ ஒரு கம்ப்யூட்டர் உங்களுக்காக இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் ஒரு பக்கத்தைக் கட்டிப் பார்ப்போமா? இதற்கு இணைய இணைப்புகூட வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரில் நோட்பேட் போன்ற எளிய எழுதுபலகையைத் திறந்து, உங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றி மூன்று வரிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். கோப்பின் பெயருக்குப் பின் ஒரு புள்ளி வைத்து, ஆங்கிலத்தில் எச்.டி.எம்.எல். என்ற நான்கு எழுத்துகளைச் சேர்த்துச் சேமியுங்கள். இப்போது அந்தக் கோப்பை பிரவுசரில் திறந்து பாருங்கள். மூன்று வரிகளும் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டு நிற்கும்!

இது பிழை அல்ல. பிரவுசருக்கு நீங்கள் விட்ட வரி முறிவு வெறும் இடைவெளிதான். 'இங்கே ஒரு பத்தி தொடங்குகிறது' என்று அதற்குப் புரியும் மொழியில் நீங்கள் சொல்லவேண்டும். கணக்கில் வரும் சிறியது, பெரியது குறிகளுக்கு நடுவே ஆங்கில 'பி' எழுத்தை இட்டு ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வையுங்கள். வரிகள் பிரிந்துவிடும். 'எச்1' என்று இட்டால் தலைப்பு. 'ஏ' என்று இட்டு வேறொரு பக்கத்தின் முகவரியைச் சேர்த்தால் இணைப்பு. 1991இல் இந்த மொழியில் இத்தகைய குறிகள் இருபதுக்கும் குறைவாகவே இருந்தன. இன்று நூற்றுக்கு மேல். ஆனாலும் ஒரு நல்ல சொந்தத் தளத்துக்குப் பத்துப் பன்னிரண்டு போதும் என்பது என் அனுபவம்.

கோப்பு தயார். ஆனால் அது உங்கள் மேஜைமேல் இருக்கிறது. காரைக்குடியில் இருக்கும் உங்கள் நண்பர் அதை எப்படிப் பார்ப்பார்? எப்போதும் விழித்திருக்கும் கம்ப்யூட்டர் ஒன்றில் கொஞ்சம் இடத்தை வாடகைக்குப் பிடித்துக் கோப்பை அங்கே ஏற்ற வேண்டும். அடுத்து, அந்த இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும். இணையத்தில் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று எண்ணால்தான் அறியும். 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களைப் புள்ளியிட்டு எழுதுவது பழைய முறை. இன்னும் நீண்ட எண்களும் இப்போது வழங்குகின்றன. இவற்றை யார் நினைவு வைத்துக்கொள்வது? தொடக்க காலத்தில் எல்லாப் பெயர்களும் எண்களும் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த ஒரே ஒரு பட்டியலில் அடங்கியிருந்தன. பட்டியல் வீங்கத் தொடங்கியதும், 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் அந்த வேலையைப் பிரித்துக் கொடுக்கும் முறையை வகுத்தார். இப்போது உங்கள் பெயரை நண்பர் தட்டினால், முதலில் உச்சியில் உள்ள சர்வர் 'பெயரின் கடைசிப் பகுதியைக் கவனிப்பவர் இன்னார்' என்று கைகாட்டும். அவர் அடுத்தவரைக் காட்டுவார். கடைசியில் எண் கிடைத்து, பக்கம் வந்து சேரும். இத்தனையும் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். 'பெயரை வாங்கிவிட்டேன்' என்கிறார்கள். பெயரை யாரும் வாங்க முடியாது, வாடகைக்குத்தான் எடுக்கலாம். காம், ஆர்க் போன்று முடியும் பெயர்களுக்கு ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பணம் கட்டலாம். கட்ட மறந்து பெயர் நீக்கப்பட்டால், கூடுதல் கட்டணத்தோடு மீட்டுக்கொள்ள 30 நாள் தவணை உண்டு. அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிறகு என்ன ஆகும் தெரியுமா? உங்கள் பக்கத்தைச் சுட்டி மற்றவர்கள் கொடுத்த இணைப்புகள் எல்லாம், புதிதாக வந்தவர் போட்டிருக்கும் சூதாட்டக் கடைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கும்.

'வாடகையே இல்லாமல் இலவசமாக இடம் தருகிறார்களே?' என்று கேட்பீர்கள். தருகிறார்கள். 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜியோசிட்டீஸ் அப்படித்தான் தந்தது. ஊரில் தெரு, பேட்டை என்று இருப்பதுபோல் பொருள்வாரியாகப் பேட்டைகள் பிரித்து, வந்தவர்க்கெல்லாம் மனை கொடுத்தது. பூனை வளர்ப்பவர், வானம் பார்ப்பவர், தாத்தாவின் கடிதங்களைத் தட்டச்சு செய்து வைத்தவர் என்று லட்சக்கணக்கானோர் குடியேறினார்கள். 1999இல் யாஹூ நிறுவனம் அதை வாங்கியது. 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. தன்னார்வலர்கள் சிலர் கடைசி மாதங்களில் இராப்பகலாகப் பிரதி எடுத்துக் கணிசமானதைக் காப்பாற்றினார்கள். எல்லாவற்றையும் அல்ல.

நானும் இதில் அடிபட்டவன்தான். 1998இல் வீட்டு மாடியில் ஒரு மழைமானி வைத்து, நாள்தோறும் அளந்த மழையை ஒரு நோட்டில் குறித்தேன். பிறகு இலவச இடம் ஒன்றில் தளம் அமைத்து அதில் ஏற்றினேன். 'அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே' என்று நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டும் விட்டேன். சில ஆண்டுகளில் இடம் கொடுத்தவர்கள் கடையை மூடினார்கள். தளம் போயிற்று.

அமெரிக்காவில் இணைய ஆவணக் காப்பகம் என்ற அமைப்பு 1996 முதல் வலைப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கிறது. அங்கே தேடியபோது என் பக்கங்களில் சில கிடைத்தன. ஆவலோடு திறந்தால், தமிழைக் காணோம்! ஐரோப்பிய எழுத்துகள் தலையில் கொம்பும் புள்ளியுமாக வரிசை வரிசையாக நின்றன. ஒரு விந்தை: எண்கள் மட்டும் சிதையவில்லை. 12.4, 0.0, 31.6 என்று மழை அளவுகள் அப்படியே இருந்தன. எந்த மாதம் என்றுதான் படிக்க முடியவில்லை.

காரணம் சுவையானது. கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிப்பதில்லை; எண்ணைத்தான் சேமிக்கிறது. ஒரு பைட்டில் 256 எண்களுக்கு இடம் உண்டு. முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துக்கும் 0 முதல் 9 வரையான இலக்கங்களுக்கும் மற்றக் குறிகளுக்கும் உரியவை. மீதி 128 இடங்களில் 1990களின் தமிழ் எழுத்துரு அமைத்தவர்கள் தமிழை வைத்தார்கள். 247 எழுத்தும் அங்கே கொள்ளுமா? கொள்ளாது. ஆகவே கொம்பு, கால், மெய் என்று துண்டுகளாக வைத்தார்கள். அதுவும் ஆளுக்கு ஒரு வரிசையில்! ஒருவரின் 'க' இன்னொருவரின் 'ழ'. திஸ்கி என்ற பொது முறையும், 1999இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் முறைகளும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்தவையே. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் மேல் பாதி முழுவதும் ஐரோப்பிய எழுத்தாகத் தெரியும். கீழ்ப் பாதியில் இருந்ததால் என் மழைக் கணக்கின் இலக்கங்கள் பிழைத்தன.

யூனிகோடு முறையில் இந்தத் தொல்லை இல்லை. தமிழுக்கென்றே 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் தனியாக உண்டு. 'அ' என்றால் 2949. உலகில் எந்தக் கம்ப்யூட்டரிலும் அதே எண்தான். இதைப் பைட்டுகளாக எழுதும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு ஆகும். இடம் கொஞ்சம் கூடுதல்தான், போகட்டும். உங்கள் பக்கத்தின் தலையில் 'இது யூ.டி.எஃப்-8' என்று அறிவிக்கும் ஒரு வரியைச் சேர்க்க மறவாதீர்கள்.

பராமரிப்பில் இன்னொரு செய்தி. அழகிய தளத்தை அரை மணியில் கட்டித் தரும் ஆயத்த மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் பக்கம் என்று ஒரு கோப்பே இராது. யாராவது கேட்கும்போதெல்லாம் ஒரு நிரல் தரவுக் கிடங்கிலிருந்து எடுத்துக் கோத்துக் கொடுக்கும். அந்த நிரலில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் உடனே புதுப்பிக்க வேண்டும். ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் திருடன் நுழைந்துவிடலாம். நீங்கள் கையால் எழுதிய எளிய கோப்பில் அப்படி இயங்குவதற்கு ஒன்றுமில்லை. பத்தாண்டு தொடாமல் விட்டாலும் திறக்கும். கடைக்காரருக்கு ஆயத்த மென்பொருள் சரி. பொழுதுபோக்காகச் செய்கிறவர்க்குக் கோப்பே மேல் என்பேன்.

ஏற்றிய கோப்பின் பெயரையும் அடிக்கடி மாற்றாதீர்கள். யாரோ ஒரு மாணவர் உங்கள் பக்கத்தைச் சுட்டியிருப்பார். பெயரை மாற்றினால் அவருக்கு '404' என்ற எண்தான் கிடைக்கும். கேட்ட பக்கம் இங்கே இல்லை என்று சர்வர் கைவிரிப்பதற்கு அடையாளம் அது. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு அனுப்பும்படி சர்வரிடம் சொல்லி வைக்கலாம்.

செர்ன் கூடத்தாரே 2013இல் தங்கள் முதல் தளத்தைத் தேடி எடுத்து, பழைய முகவரியிலேயே திரும்ப வைத்தார்கள். அவர்கள் வைத்தது 1992ஆம் ஆண்டுப் பிரதி. அன்றாடம் மாறிக்கொண்டிருந்த பக்கங்களின் ஒவ்வொரு வடிவத்தையும் எடுத்து வைக்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை!

என் பக்கங்களை எழுத்துரு மாற்றி ஒன்றின் துணையால் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிட்டேன். 2000ஆம் ஆண்டில் ஐந்து மாதங்கள் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. தளத்தில் அந்தக் கட்டங்களை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் மழையை முதலில் நோட்டில் எழுதுகிறேன். அதன் பிறகே தளத்தில் ஏற்றுகிறேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தளம் முழுவதையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, அதிலிருந்து இரண்டு பக்கங்களைத் திறந்தும் பார்த்துவிடுகிறேன்.