விடிய விடியத் திறந்திருந்த கதவு

டீ கொதிக்கக் கொதிக்க இருக்கிறது. ஆறுவதற்குள் ஓர் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2017 அக்டோபர் கடைசியில் யுனெஸ்கோ தன் இசை நகரங்கள் பட்டியலில் சென்னையைச் சேர்த்தது நினைவிருக்கும். அதே அறிவிப்பில் அமெரிக்காவிலிருந்து ஓர் ஊரும் இடம்பிடித்தது. நியூயார்க்காக இருக்கும், இல்லாவிட்டால் ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். வந்ததோ கேன்சஸ் சிட்டி. பெயரில் கேன்சஸ் இருந்தாலும் ஊரின் பெரும்பகுதி பக்கத்து மாநிலமான மிசூரியில் கிடக்கிறது. மாட்டுச் சந்தை, இறைச்சித் தொழிற்சாலை, கோதுமை, நாலா திசையிலிருந்தும் வந்து சேரும் ரயில் தடங்கள் என்றிருந்த ஊர். இசைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், டாம் பென்டர்காஸ்ட் என்ற மனிதரிலிருந்து தொடங்க வேண்டும்.

அவர் மேயரும் இல்லை, கவர்னரும் இல்லை. ஆனால் 1920களின் நடுவிலிருந்து 1939 வரை அந்த ஊரில் அவருக்குத் தெரியாமல் ஒரு செங்கல் நகராது. கான்கிரீட் வியாபாரமும் அவருடையது. நகரத்தின் கட்டடங்களுக்கும் ஓடைக்கரைக்கும் எவ்வளவு கான்கிரீட் போனது, யாரிடமிருந்து போனது என்பதை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பின்னாளில் ஜனாதிபதியான ட்ரூமன் அரசியலில் மேலேறியதும் இவருடைய ஆட்களின் தயவில்தான். 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு. கேன்சஸ் சிட்டியிலோ போலீஸ் கண்ணை மூடிக்கொண்டது. 12-ஆம் தெரு, 18-ஆம் தெருவும் வைன் தெருவும் சேரும் முனை, இந்தப் பக்கமெல்லாம் கிளப்புகள் விடிய விடியத் திறந்திருந்தன. பொருளாதார மந்தம் வந்து மற்ற ஊர்களில் வாத்தியக்காரர்கள் பட்டினி கிடந்தபோது இங்கே கூலி குறைவானாலும் தினம் வேலை இருந்தது. ஊழல் நல்லது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கூத்தில் இப்படியொரு விளைச்சலும் இருந்தது, அவ்வளவுதான்.

கிளப் மூடாவிட்டால் என்ன ஆகும்? கூலிக்கு வாசிக்கும் கச்சேரி நள்ளிரவுக்கு மேல் முடியும். அதன்பிறகு வாசித்தவர்களே வேறொரு கிளப்புக்குப் போய், கூலியில்லாமல், ஒருவரையொருவர் சோதித்துப் பார்க்க வாசிப்பார்கள். இதற்குப் பெயர் ஜாம். நம் கல்பனாஸ்வரத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். பாடகர் எங்கே சுற்றினாலும் எடுப்புக்கு வந்து சேர வேண்டும். ஜாஸ்காரருக்கும் அப்படி ஒரு சுற்று உண்டு. ப்ளூஸ் என்றால் பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளக் கட்டம். அந்தச் சுற்றுக்குள் தன் கற்பனையை ஓடவிட்டு, தலைப்புக்கு வந்து நிற்க வேண்டும். தடுமாறினால் அடுத்தவர் எழுந்துவிடுவார்.

1933 டிசம்பரில் செரி ப்ளாசம் கிளப்பில் நடந்ததைப் பியானோ மேதை மேரி லூ வில்லியம்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு யாரோ அவர் வீட்டு ஜன்னலைத் தட்டுகிறார்கள். சாக்ஸபோன் கலைஞர் பென் வெப்ஸ்டர். பியானோக்காரர்கள் எல்லோரும் களைத்துவிட்டார்கள், எழுந்து வா என்கிறார். போய்ப் பார்த்தால், நியூயார்க்கிலிருந்து வந்த கோல்மன் ஹாக்கின்ஸ் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறார். எதிரே உள்ளூரில் வாசித்துக்கொண்டிருந்த லெஸ்டர் யங். அன்று சாக்ஸபோனில் ஹாக்கின்ஸை மிஞ்சியவர் நாட்டில் இல்லை. மேரி லூ சொன்னபடி, அந்த இரவு ஹாக்கின்ஸால் லெஸ்டரை அசைக்க முடியவில்லை. மறுநாள் கச்சேரிக்கு செயின்ட் லூயிஸ் போய்ச் சேர ஓட்டிய ஓட்டத்தில் அவருடைய புது காடிலாக்கின் எஞ்சினே போய்விட்டதாம். கதை கொஞ்சம் வளர்ந்திருக்கலாம். ஆனாலும் அந்த ஜன்னல் தட்டலை நான் நம்புகிறேன்.

அப்போது பதின்ம வயதுப் பையனாக இருந்த சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் இந்தப் பள்ளியில்தான் அடிபட்டார். 1936-ல் ரெனோ கிளப் ஜாமில் ஏறி, நடுவில் சுருதியும் தாளமும் விட்டுப்போக, டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தார். "விப்லாஷ்" படம் பார்த்தவர்கள் அது தலைக்குக் குறிவைத்து வீசப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், அது சினிமா. தரையில் விழுந்து கிளப் முழுக்க ஒலித்த அந்தச் சத்தம் போதாதா? அடுத்த கோடையில் பார்க்கர் ஓசார்க் மலைப்பக்கம் ஒரு குழுவோடு வேலைக்குப் போனார். லெஸ்டர் யங்கின் ரெகார்டுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டு, ஊர் திரும்பியபோது ஆளே வேறு.

ஜாம் இன்னொன்றையும் கொடுத்தது. கேன்சஸ் சிட்டி வாத்தியக்காரர்கள் எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் இல்லை. ஒருவர் சின்னதாக ஒரு சங்கதி போடுவார், பக்கத்தில் இருப்பவர் அதையே பிடித்துக்கொள்வார், மற்றவர்களும் சேர, அது திரும்பத் திரும்ப வரும். இதுதான் ரிஃப். முன்னே ஒருவர் தனியாக ஊதிக்கொண்டிருக்க, பின்னே இது கூத்துப் பின்பாட்டு மாதிரி தள்ளிக்கொடுக்கும். 1927-ல் நாடகக் குழு ஒன்று கலைந்துபோய் இந்த ஊரில் மாட்டிக்கொண்ட நியூஜெர்ஸிக்காரர் கவுன்ட் பேஸி, ரெனோ கிளப்பில் ஒன்பது பேரை வைத்து இப்படித்தான் வாசித்தார். அங்கிருந்து போன ரேடியோ ஒலிபரப்பை 1936-ல் சிகாகோவில் கார் ரேடியோவில் தற்செயலாகக் கேட்ட ரெகார்டு தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் தேடிக்கொண்டு வந்தார். அந்த ஆண்டே பேஸி ஊரை விட்டார்.

1939-ல் பென்டர்காஸ்ட் வருமான வரி வழக்கில் சிறைக்குப் போனார். சீர்திருத்தவாதிகள் வந்தார்கள், கிளப்புகளுக்குப் பூட்டு விழுந்தது. வாத்தியக்காரர்களும் ஒவ்வொருவராக நியூயார்க் ரயில் ஏறினார்கள்.

இன்று அந்த முனைக்குப் போனால் அமெரிக்க ஜாஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. 1997-ல் திறந்தது. பார்க்கர் 1953-ல் டொரண்டோ கச்சேரியில் ஊதிய வெள்ளை பிளாஸ்டிக் சாக்ஸபோன் கண்ணாடிக்குள் இருக்கிறது. அதை 1994-ல் லண்டன் ஏலத்தில் 93,500 பவுண்டுக்கு நகரமே வாங்கியது. மெச்ச வேண்டியதுதான். இருந்தாலும் 18-ஆம் தெருவில் 1996-ல் வந்த ராபர்ட் ஆல்ட்மன் படத்துக்காகப் போட்ட போலி முகப்புகள், படப்பிடிப்பு முடிந்து ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றன. பின்னால் கட்டடம் பாழ், முன்னால் செட். எனக்கு அது கண்ணாடிப் பெட்டியைவிட அதிகம் சொல்கிறது.

ஆனால் இசை போய்விடவில்லை. அருங்காட்சியகத்துக்குள்ளேயே ப்ளூ ரூம் என்ற கிளப் இருக்கிறது. சற்றுத் தள்ளி கிராஸ்ரோட்ஸ் பகுதியில் கிரீன் லேடி லவுஞ்சில் தினமும் கச்சேரி. டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் குழுவில் சாக்ஸபோன் வாசித்த பாபி வாட்சன் 2000 முதல் இருபது ஆண்டுகள் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளைத் தயார் செய்தார்.

பிள்ளைகள் தயாரான பிறகு சோதித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டுமே? அது ஹைலேண்ட் அவென்யூ 1823. வெள்ளையர் சங்கம் சேர்க்காததால் 1917-ல் கறுப்பின வாத்தியக்காரர்கள் தனியாகத் தொடங்கிய 627-ஆம் எண் சங்கத்தின் வீடு. இரண்டு சங்கங்களும் 1970-ல்தான் ஒன்றாயின. வீடு மட்டும் மியூச்சுவல் மியூசிஷியன்ஸ் ஃபவுண்டேஷன் என்ற பெயரில் நின்றது. 1981-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. வார இறுதியில், மற்ற கிளப்புகள் மூடிய பிறகு, வாத்தியப் பெட்டியோடு ஆட்கள் இங்கே வருவார்கள். ஜாம் விடியும்வரை போகும். அந்நேரத்தில் மது விற்பதற்கு மிசூரிச் சட்டத்திலேயே இதற்கென்று தனி விலக்கு எழுதியிருக்கிறார்கள். அன்று சட்டத்தைக் காற்றில் பறக்கவிட்டதால் திறந்திருந்த கதவை, இன்று சட்டம் போட்டுத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

எதிலிருந்து கேட்கத் தொடங்குவது என்கிறீர்களா? பேஸி 1937-ல் பதிவு செய்த "ஒன் ஓ'க்ளாக் ஜம்ப்". ரெகார்டின் ஒரு பக்கத்தில் அடங்கும் பாட்டு. முதலில் பியானோ, பிறகு ஒவ்வொருவராக எழுவார்கள், கடைசியில் ஆளுக்கொரு ரிஃபாக மோதிக்கொள்வார்கள். அதற்கு முதலில் இருந்த பெயர் ரேடியோவில் சொல்லக் கூசுவது. அறிவிப்பாளர் தவித்த நேரத்தில் பேஸி கடிகாரத்தைப் பார்த்தாராம், மணி ஒன்றை நெருங்கிக்கொண்டிருந்ததாம். இரவு ஒரு மணி.

டீ ஆறிவிட்டது. இன்னொன்று சொல்லட்டுமா?