சேறு சொல்லும் கடற்கதை

பொம்மிடி ரயில் நிலையத்தில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். அதன் சார்னோக்கைட் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான அவற்றில் சங்கோ சிப்பியோ கிடைக்காது. ஆனால் இத்தகைய பாறைகள் வெயிலிலும் மழையிலும் தேய்ந்து தூளாகின்றன. ஆறுகள் அத்தூளைக் கடலில் சேர்க்கின்றன. அங்கே சேறு அடுக்கடுக்காகப் படிந்து இறுகிக் களிப்பாறை ஆகிறது. இதற்கு ஷேல் என்றும் பெயர்.

களிப்பாறையைக் காண நாம் பெரம்பலூர் மாவட்டத்திலுள்ள காரைக்குச் செல்ல வேண்டும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. மேற்கேயிருந்த பழம்பாறை மேடுகள் தேய்ந்த சேறு அக்கடலில் படிந்தது. இப்பகுதியை ஆராய்ந்த ஹென்றி பிளான்போர்டு, 1862-இல் வெளியான அறிக்கையில் இப்படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். காரைக் களிப்பாறை ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்தது. ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட அம்மோனைட் ஓடுகள் அதில் கிடைக்கின்றன.

அங்கே கடல் இருந்ததை ஓடுகள் சொல்லிவிடும். அக்கடலின் அடியில் ஆக்சிஜன் இருந்ததா என்பதை எப்படி அறிவது?

ஏரிக்கரைச் சேற்றைச் சிறிது தோண்டிப் பாருங்கள். மேற்சேறு பழுப்பாக இருக்கும். அடிச்சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும். அங்கே ஆக்சிஜன் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். சேறு பாறையான பின் நாற்றம் நிற்பதில்லை. ஆனால் பத்து லட்சத்தில் சில பங்கே உள்ள நுண்ணளவுத் தனிமங்கள் அச்செய்தியைக் காத்து வைத்திருக்கின்றன.

யுரேனியத்தை எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜன் உள்ள கடல்நீரில் அது கரைந்தே இருக்கும். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டாலோ, கரையாத வடிவத்துக்கு மாறிச் சேற்றில் தங்கிவிடும். தோரியம் அப்படியன்று, ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் களிமண்ணோடு வந்து படியும். ஆகவே தோரியத்தை அளவுகோலாக வைத்து யுரேனியத்தை ஒப்பிடலாம். ஒரு துண்டில் யுரேனியம் 3 பங்கு, தோரியம் 12 பங்கு எனில் விகிதம் 0.25. இன்னொன்றில் 15-க்கு 10 எனில் விகிதம் 1.5. பொதுவாக 0.75-க்குக் கீழ் இருந்தால் ஆக்சிஜன் இருந்தது என்றும், 1.25-க்கு மேல் இருந்தால் ஆக்சிஜன் அற்றுப்போனது என்றும் கொள்வர். இரண்டும் கதிரியக்கத் தனிமங்கள். எனவே பாறை வெளிவிடும் காமாக் கதிர்களைக் கொண்டே இவற்றை அளக்கலாம்.

ஆனால் ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறலாகாது. மேற்சொன்ன எல்லைகள் இடத்துக்கு இடம் மாறும். மழைநீர் யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டும் போகலாம். ஆகவே வெயில் மழை படாத ஆழத்துப் பாறையை எடுத்து, மாலிப்டினம், வனேடியம் ஆகியவற்றையும் அளந்து, புதைபடிவங்களோடு ஒத்துப்பார்க்க வேண்டும். காரையில் கடலடியில் வாழ்ந்த புழுக்களின் கூடுகளும் கிடைப்பதால், அங்கே எப்போதும் ஆக்சிஜன் வறட்சி நிலவியதாகக் கூற இயலாது.

இந்த ஆராய்ச்சி இன்று நமக்கு எதற்கு? சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன், புவி மிக வெப்பமாயிருந்தபோது, உலகக் கடல்களின் பல பகுதிகளில் ஆக்சிஜன் அற்றுப்போனது. காரைப் படிவுகள் அக்காலத்தையும் தழுவி நிற்கின்றன. இன்றும் கடல் வெப்பமடைந்து வருகிறது. 1960-க்கும் 2010-க்கும் இடையில் அது தன் ஆக்சிஜனில் 2 சதவீதத்துக்கு மேல் இழந்தது. வெப்பமடைந்த கடல் எங்கே, எவ்வளவு காலம் மூச்சுத் திணறும் என்பதற்கு முன்னுதாரணம் தேடுவோருக்குப் பழஞ்சேறே ஏடாக உதவுகிறது.