இரு மார்பகங்களும் நீங்கினால் உடல் சாயுமா?

திருப்புத்திறன் பாடம் முடிந்த ஒரு நாள், நான் கரும்பலகையைத் துடைக்கும்வரை காத்திருந்து மாணவி ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். அவளுடைய பெரியம்மாவுக்குப் புற்றுநோய். இரண்டு மார்பகங்களையும் நீக்கப் போகிறார்கள். அதன்பின் செயற்கையாக மார்பகம் அமைத்துக்கொள்ளப் பெரியம்மாவுக்கு விருப்பமில்லை. வீட்டிலோ, "அப்படியே விட்டால் எடை குறைந்து முதுகு வளைந்துவிடும்" என்கிறார்கள். "இது உண்மையா, மேடம்?"

கேள்வி மருத்துவத்துக்கு உரியதுதான்; ஆனால் அதில் பாதி இயற்பியல். அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம்.

ஒரு மார்பகத்தின் நிறை அரைக் கிலோகிராம் என்று கொள்வோம். (இது ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும்.) அதன் எடை ஏறக்குறைய 5 நியூட்டன். உடலின் நடுக்கோட்டிலிருந்து அது 10 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், பக்கவாட்டுத் திருப்புத்திறன் 0.5 நியூட்டன் மீட்டர். இப்போது நீங்கள் 5 கிலோ காய்கறிப் பையை ஒரு கையில் தூக்கி வருகிறீர்கள். பை நடுக்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் விலகியிருந்தால் திருப்புத்திறன் 10 நியூட்டன் மீட்டர். இருபது மடங்கு! அதையே நம் முதுகுத் தசைகள் தாங்கிக்கொள்கின்றன அல்லவா? ஒரு மார்பகம் மட்டும் நீக்கப்பட்டவருக்கு இந்தச் சிறு வேறுபாடு நாள் முழுதும் இருப்பதால், அவர் நிற்கும் நிலையில் சிறிது மாற்றம் தெரியலாம். இரண்டும் நீங்கிவிட்டாலோ இடமும் வலமும் ஒத்துப்போகின்றன. பக்கவாட்டு வேறுபாடு சுழி. முன்பக்கச் சுமையும் கொஞ்சம் குறைகிறது.

பின் ஏன் சிலருக்குத் தோள் முன்புறமாகக் கூனுகிறது? எடை அதற்குக் காரணம் அன்று; தழும்பு. ஆறிவரும் தழும்புத் திசு சுருங்கி இழுக்கிறது. வலிக்கு அஞ்சிக் கையை உடலோடு ஒட்டியே வைத்துக்கொள்கிறோம். மருத்துவர் சொல்லித்தரும் தோள் பயிற்சிகளே இதற்கு வழி. மார்பகம் அமைத்துக்கொண்டவருக்கும் அதே பயிற்சிகள் தேவை.

இனி மறுபாதி. மார்பக மறுசீரமைப்பை இருவகையில் செய்கிறார்கள். ஒன்று, சிலிக்கோன் கூழோ உப்புநீரோ நிரம்பிய பையை உள்ளே வைப்பது. பல நேரங்களில் முதலில் ஒரு வெற்றுப் பையை வைத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக உப்புநீர் ஏற்றித் தோலை விரியச் செய்கிறார்கள். பிறகு இன்னோர் அறுவை. மற்றொன்று, வயிற்றின் தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பில் பொருத்தி, நுண்ணோக்கியின் துணையால் இரத்தக் குழாய்களை இணைப்பது. இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். வயிற்றிலும் ஒரு தழும்பு சேரும். பைகளோ ஆயுள் முழுதும் உழைப்பவை அல்ல. கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவருக்கு, பையைச் சுற்றித் திசு இறுகிப்போகும் வாய்ப்பு கூடுதல். சொரசொரப்பான மேற்பரப்புடைய ஒருவகைப் பைகள், அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடையவை எனத் தெரிந்ததால், 2019-ல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன.

இத்தனைக்கும் பிறகு திரும்பக் கிடைப்பது உருவம். தொடு உணர்ச்சி பெரும்பாலும் முன்போல் வருவதில்லை, ஏனெனில் நரம்புகள் அறுபட்டிருக்கின்றன. வெந்நீர்ப் பையை அங்கே வைத்துக்கொண்டு, சுடுவதே தெரியாமல் தோல் வெந்துபோனவர்கள் உண்டு. புற்றுநோய் குணமாவதற்கும் இந்த உருவத்துக்கும் தொடர்பில்லை. ஆகவே அதை வேண்டாம் என்பவர் சிகிச்சையை மறுக்கிறார் என்று எண்ணுவது தவறு. அந்த உருவம் பலருக்குப் பெரிய ஆறுதல். அதை வீண் ஆசை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அதுபோலவே, வேண்டாம் என்பவரைப் பிடிவாதக்காரி என்று சொல்லவும் உரிமையில்லை.

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் டிக் நொட்டாரோ 2012-ல் இரு மார்பகங்களையும் இழந்தார். மறுசீரமைப்புச் செய்துகொள்ளவில்லை. 2014-ல் நியூயார்க் மேடையொன்றில் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, தழும்புகள் தெரிய, மீதி நிகழ்ச்சியை நடத்தினார். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. சிலர் உள்ளாடைக்குள் சிலிக்கோன் அல்லது துணி உருவை வைத்துக்கொள்கிறார்கள். சிலர் எதுவுமே வைப்பதில்லை.

"ஒன்றும் செய்யாமல் விடுவது" என்று பேசுகிறோமே, அதுவும் சரியன்று. நெஞ்சைத் தட்டையாக மூடித் தைப்பதும் ஒரு கைத்திறன். மார்பகத்தை மூடியிருந்த தோல் மிகுதியாக இருக்கும். அதை அளவாக வெட்டி இழுத்துத் தைக்காவிட்டால் அக்குளோரத்தில் மடிப்புகள் தொங்கும். உடை உரசிப் புண்ணாகும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் இந்த முறைக்கென ஒரு தனிப் பெயரைத் தன் கலைச்சொல் அகராதியில் சேர்த்ததே 2020-ல்தான்.

பெயர் இல்லாத ஒன்றை நோயாளி எப்படிக் கேட்டுப் பெறுவார்? மறுசீரமைப்பின்றி வாழும் 931 பெண்களிடம் நடத்திய ஆய்வொன்று 2021-ல் வெளியாயிற்று. விரைவில் தேறவேண்டும், உடலுக்குள் அயற்பொருள் வேண்டாம் என்பவையே அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்கள். நூற்றுக்கு 74 பேர் விளைவில் மனநிறைவு தெரிவித்தனர். ஆனால் நூற்றுக்கு 22 பேர், தம் விருப்பத்துக்கு மருத்துவரிடம் ஆதரவு கிடைக்கவில்லை என்றனர். தட்டையாக மூடலாம் என்றே சிலருக்குச் சொல்லப்படவில்லை. சிலருக்கு, "பின்னால் மனம் மாறினால் உதவும்" என்று கேட்காமலே தோலை விட்டுவைத்திருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் இத்தகைய பெண்களின் குழுக்கள் வழியே திரட்டப்பட்டவர்கள். ஆகவே இந்த விழுக்காடுகளை எல்லா நோயாளிகளுக்கும் பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் 22 சிறிய எண் அன்று.

மனம் மாறுவது இயல்பே. அதற்காகத் தோலை மிச்சம் பிடிக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆண்டுகள் கழித்தும் தோலை விரித்தோ, வயிற்றுத் திசுவைக் கொண்டோ மார்பகம் அமைக்க முடியும்.

மாணவிக்குத் திருப்புத்திறன் கணக்கைப் போட்டுக் காட்டினேன். பெரியம்மா அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: தட்டையாக மூடித் தைத்த அனுபவம் உண்டா? அப்படிச் செய்த நெஞ்சின் படங்களைக் காட்டுவீர்களா? கூடுதல் தோல் விடவேண்டாம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதலாமா? அவள் தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். கணக்கை மட்டும் அப்பாவிடம் காட்டுவதற்காகத் தனியே இன்னொரு தாளில் படியெடுத்துக்கொண்டாள்.